பேஸ்பால் அம்பயராகச் சேர அனுபவத்தை எப்படி எழுதிக் கொடுப்பது?

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். மகன் லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால்) ஆடப்போன இடத்தில் அம்பயர் இல்லையென்று இவர் நின்றிருக்கிறார். அப்படியே மூன்று சீசன் ஓடிவிட்டது, எல்லாம் சம்பளமில்லாத தன்னார்வப் பணி. அதற்கு முன்பு சென்னையில் மாநிலச் சங்கத்தின் தேர்வு எழுதி, லீக் கிரிக்கெட்டில் அம்பயராக இருந்தவர். இப்போது உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்குப் பணம் பெறும் அம்பயராகச் சேர நினைக்கிறார். "என் அனுபவத்தை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது? கிரிக்கெட்டைப் போட்டால் சிரிப்பார்களா?" என்று கேட்கிறார்.

சிரிக்க மாட்டார்கள், தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரே வரியில், கீழே. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தாளைப் படிக்கப்போகிறவர் யார் என்று பார்த்துவிடுவோம்.

படிக்கப்போகிறவர் அசைனர். எந்த ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது அவர்தான். ஏப்ரல், மே மாதங்களில் அவருடைய நாட்கள் எப்படிப் போகும் தெரியுமா? திங்கள் மழை பெய்து ஆட்டங்கள் செவ்வாய்க்குத் தள்ளிப்போகும். செவ்வாய்க்கு ஏற்கனவே வேறு ஆட்டங்கள் இருக்கும். ஒருவர் முட்டி வலி என்று பின்வாங்குவார். மாலை நான்கு மணி ஆட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு உங்கள் விளையாட்டுக் காதலைப் பற்றிய பத்தி எதற்கு? 'இந்த ஆளை எந்த ஆட்டத்துக்கு, பிளேட்டுக்கா (கேட்சருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்வது) பேஸுக்கா (ஓடுகிறவர்களைப் பார்ப்பது), யாரோடு சேர்த்து நம்பி அனுப்பலாம்?' என்ற ஒரே கேள்விக்குத்தான் உங்கள் தாளில் பதில் தேடுவார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சேருவது கடினமில்லை. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு நடுவர்களுக்குப் பெரிய பஞ்சம். 2018-19 சீசனுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர் விலகிவிட்டார்கள் என்று பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. பின்னணிச் சோதனையில் தேறி, குளிர்கால வகுப்புக்கு வந்து, தேர்வு எழுதி, உள்ளூர் அம்பயர் சங்கத்துக்குச் சந்தா கட்டினால் உங்களை யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. விண்ணப்பத்தால் தீர்மானமாவது நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பதுதான். இரண்டு வருடம் நடுநிலைப் பள்ளி ஆட்டங்களிலேயே நிற்பீர்களா, முதல் வருடமே ஜேவி (உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் நிலை அணி) ஆட்டங்கள் வருமா, வார்சிட்டிக்கு (பள்ளியின் முதன்மை அணி) எப்போது பெயர் அடிபடும் என்பதெல்லாம் இந்த ஒரு பக்கத்தோடு சம்பந்தப்பட்டது.

இனி உங்கள் லிட்டில் லீக் அனுபவத்துக்கு வருவோம். "மூன்று ஆண்டு லிட்டில் லீக்" என்று மட்டும் எழுதினால் அசைனருக்கு ஒன்றும் புரியாது. அங்கே மேஜர் பிரிவு என்பது பேஸுக்கு பேஸ் 60 அடி, பிட்சருக்கு 46 அடி உள்ள சின்ன மைதானம், ஆறு இன்னிங்ஸ். பந்து பேட்டரை எட்டும்வரை ஓட்டக்காரர் பேஸை விட்டு நகரவே கூடாது. அப்படியானால் பந்து எறியும் முன்பே பேஸை விட்டு நகர்ந்து நிற்கும் லீட்-ஆஃப் கிடையாது, பிட்சர் திரும்பி ஒன்றாம் பேஸுக்கு எறிந்து ஆளைப் பிடிக்கும் பிக்-ஆஃப் கிட்டத்தட்டக் கிடையாது, பிட்சர் விதிக்குப் புறம்பாக அசைந்து ஓட்டக்காரரை ஏமாற்றும் பாக் பற்றிய தலைவலியும் கிடையாது. பள்ளி ஆட்டத்தில் பேஸ் அம்பயரின் பாதி வேலையே இவைதான். இன்டர்மீடியட் பிரிவில் 50/70 மைதானம் (பிட்சருக்கு 50 அடி, பேஸுக்கு பேஸ் 70 அடி), அங்கே லீட்-ஆஃப் உண்டு. ஜூனியர் பிரிவு 60/90, அதாவது பெரியவர்கள் ஆடும் அளவு. நீங்கள் ஜூனியர் பிரிவில் நின்றிருந்தால் அது பள்ளி ஆட்டத்துக்கு மிக அருகில் வந்துவிட்ட அனுபவம். அதைப் பொதுப் பெயருக்குள் புதைத்துவிடாதீர்கள். பிரிவையும் மைதான அளவையும் எழுதுங்கள்.

அடுத்து, தனியாக நின்றீர்களா, இன்னொருவரோடு நின்றீர்களா என்பது. இதைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. எங்கள் சங்கத்தில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்களில் நானும் ஒருவன். ஒருவர் "300 ஆட்டங்களுக்கு மேல்" என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். எங்களில் மூத்தவர் மேசை மேல் நாலு பேனா மூடியை பேஸ்கள் போல வைர வடிவில் அடுக்கிவிட்டுக் கேட்டார்: "ஒன்றாம் பேஸில் ஆள், யாரும் அவுட் இல்லை. வலது ஃபீல்டுக்கு சுத்தமான ஹிட். நீங்கள் பிளேட்டில் இருக்கிறீர்கள். எங்கே போவீர்கள்?" வந்தவர் யோசிக்காமல், "ஹோம் பிளேட்டிலேயே நிற்பேன், ரன் வரலாமே" என்றார். இரண்டு பேர் முறையில் (ஒருவர் பிளேட்டில், ஒருவர் பேஸில்) அந்த நேரத்தில் பிளேட் அம்பயர் ஃபவுல் பகுதி வழியாக மூன்றாம் பேஸ் பக்கம் ஏற வேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஓடுகிறவர் அவருடைய பொறுப்பு, பேட்டர்-ஓட்டக்காரர் பேஸ் அம்பயரின் பொறுப்பு. 'மூன்று எனக்கு' என்று பார்ட்னருக்குக் கேட்கும்படி குரலும் கொடுக்க வேண்டும். பந்து எங்காவது தவறிப் போனால் திரும்ப ஹோமுக்கு ஓடிவர வேண்டும். அவருக்கு இது தெரியாததற்குக் காரணம் எளிது: 300 ஆட்டத்தையும் தனி ஆளாக, பிளேட்டுக்குப் பின்னால் நின்றே முடித்திருக்கிறார்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தனியாக 300 ஆட்டத்தைச் சமாளிப்பது சாதாரண விஷயமும் இல்லை. இரண்டு கோச்சும் கத்தும்போது துணைக்கு ஆளில்லாமல் நின்றவர் அவர். ஆனால் தாள் அதைச் சொல்லவில்லை. வெறும் எண்ணைச் சொன்னது, எண்ணைப் பார்த்து எங்களுக்கு வேறு எதிர்பார்ப்பு வந்துவிட்டது. "தனியாக, பிளேட்டில்" என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் பேச்சு வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

ஆகவே எண்ணிக்கை எழுதுங்கள், ஆனால் ஆண்டுவாரியாகப் பிரித்து, பிளேட் எத்தனை, பேஸ் எத்தனை என்று எழுதுங்கள். உங்கள் லீக் ஆர்பிட்டர் போன்ற மென்பொருளில் ஆட்டங்களை ஒதுக்கியிருந்தால் பழைய கணக்கு அதிலேயே இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் லீகின் பழைய அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். உத்தேசமாக எழுதுவதாக இருந்தால் "சுமார்" என்று போடுங்கள். அம்பயர் வட்டாரம் சின்னது, உங்கள் பார்ட்னராக நின்றவர் சங்கக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். எண்கள் நான் இட்டுக்கட்டியவை, நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், அமைப்பை மட்டும் பாருங்கள்:

2023 – லிட்டில் லீக், மேஜர் பிரிவு, 60 அடி மைதானம். 22 ஆட்டம், எல்லாம் தனியாக.
2024 – அதே லீக், இன்டர்மீடியட் 50/70. 18 ஆட்டம், இரண்டு பேர் முறை. பிளேட் 10, பேஸ் 8.
2025 – ஜூனியர் 60/90. 26 ஆட்டம், இரண்டு பேர் முறை. பிளேட் 12, பேஸ் 14. மாவட்ட டோர்னமென்ட்டுக்கு அழைப்பு, 3 ஆட்டம்.

இந்த மூன்று வரியைப் படிக்கிறவருக்கு நீங்கள் வருடா வருடம் ஏறிவந்தது தானாகவே தெரியும். "விரைவாகக் கற்றுக்கொள்பவர்" என்று தனியாக எழுத வேண்டியதில்லை. கடைசி வரியில் உள்ள 'அழைப்பு' மிக முக்கியம். லீக் சீசனில் ஆள் இல்லாததால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சீசனுக்குப் பிந்தைய டோர்னமென்ட்டுக்கு யாரோ ஒருவர் உங்களைப் பார்த்து, தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். அசைனர் நம்புவது அந்த மாதிரித் தேர்வைத்தான்.

எந்த விதிப் புத்தகத்தின் கீழ் நின்றீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். லிட்டில் லீக் விதி வேறு, பள்ளி விதி வேறு, தொழில்முறை விதி வேறு. பாக் நடந்தால் பள்ளி விதியில் பந்து அந்தக் கணமே செத்துவிடும். தொழில்முறை விதியில் ஆட்டம் தொடர்ந்து ஓடக்கூடும். பிட்சருக்கும் கேட்சருக்கும் மாற்றாக ஓட ஒருவரை விடும் சலுகை பள்ளி ஆட்டத்தில் உண்டு, தொழில்முறையின் உச்சமான மேஜர் லீகில் கிடையாது. இதெல்லாம் குழம்பினால் கோச்சுகள் விடமாட்டார்கள். ஆகவே "பள்ளி விதித் தேர்வு, இன்ன ஆண்டு, இத்தனை மதிப்பெண்" என்று எழுத முடிந்தால் மிக நல்லது. இன்னும் எழுதவில்லையென்றால், "இந்தக் குளிர்கால வகுப்பில் எழுதப்போகிறேன்" என்று நேராகச் சொல்லிவிடலாம். பயிற்சி கிளினிக் எதற்காவது போயிருந்தால் இடம், ஆண்டு, நாட்கள் ஆகியவற்றைச் சேருங்கள். யூடியூபில் பார்த்ததைப் பயிற்சி என்று எழுதாதீர்கள். சிலர் எழுதுகிறார்கள்.

சரி, கிரிக்கெட். அசைனர் பென்சில்வேனியாவிலோ நியூ ஜெர்சியிலோ பிறந்து வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். சென்னை லீகில் மூன்றாவது டிவிஷனா ஐந்தாவதா என்பது அவருக்கு எதையும் உணர்த்தாது. ஆகவே அவருக்குப் புரிகிற விஷயங்களை மட்டும் சொல்லுங்கள்: பெரியவர்கள் ஆடும் லீக், சங்கம் நியமித்த அம்பயர், எழுத்துத் தேர்வு மூலம் தகுதி, இத்தனை ஆண்டுகள், நாள் முழுக்க நீளும் ஆட்டங்கள். இவ்வளவு போதும். எல்.பி.டபிள்யூ. பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த அனுபவத்தில் நிஜமாகவே கைகொடுப்பது எது? நீண்ட நேரம் கவனம் சிதறாமல் நிற்பது, கேப்டனோடு மரியாதை குறையாமல் பேசுவது, ஆட்டம் முடிந்து அறிக்கை எழுதுவது. கைகொடுக்காதது எது என்பதை நேர்காணலில் நீங்களே சொன்னால் உங்கள் மதிப்பு கூடும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் அணி அப்பீல் செய்தால்தான் அவுட் கொடுக்க முடியும். இங்கே ஒவ்வொரு பந்துக்கும், ஒவ்வொரு பேஸிலும் யாரும் கேட்காமலேயே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பேஸை மிதிக்காமல் ஓடியது, கேட்ச் பிடிபடும் முன் கிளம்பியது, பேட்டிங் வரிசை மாறியது போன்ற சிலவற்றுக்குத்தான் அப்பீல். அங்கே ஒரு கணம் நின்று விரலைத் தூக்கலாம். இங்கே ஒன்றாம் பேஸில் அவுட்டா இல்லையா என்பது மிக நெருக்கமாக இருந்தால் உடம்பும் குரலும் சேர்ந்து தீர்ப்பை நம்பவைக்க வேண்டும். "என் கிரிக்கெட் பழக்கத்தில் சிக்னல் சின்னதாக வருகிறது, அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் இவர் தன்னையே கவனிக்கிற ஆள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வேறு விளையாட்டிலிருந்து வருவது பேஸ்பாலில் புதிதும் இல்லை. 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் மேஜர் லீக் சீசன் ஆட்டத்தில் அம்பயராக நின்ற முதல் பெண்ணான ஜென் பாவல், கல்லூரி நாட்களில் சாஃப்ட்பால் கேட்சர். பிறகு கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டங்களில் பல ஆண்டு அம்பயர். அந்த அனுபவம் அவருக்குக் கதவைத் திறக்க உதவியிருக்கும். ஆனாலும் 2016ல் தொழில்முறை பேஸ்பாலுக்கு வந்தபோது எல்லோரையும் போல அடிமட்ட ரூக்கி லீகில்தான் தொடங்கினார். உங்கள் கிரிக்கெட்டும் அப்படித்தான். மதிப்பு உண்டு, படி தாண்ட உதவாது.

ரெஃபரன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி செய்வது, பழகிய கோச்சின் பெயரைக் கொடுப்பது. வேண்டாம். அம்பயரை ஒரு கோச் பாராட்டுகிறார் என்றால் படிப்பவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். உங்கள் லீகின் தலைமை அம்பயர், உங்களோடு இரண்டு பேர் முறையில் நின்ற மூத்த பார்ட்னர், கிளினிக்கில் உங்களை மதிப்பிட்ட பயிற்சியாளர் ஆகிய மூவரில் இருவர் போதும். கேட்காமல் பெயரைப் போடாதீர்கள். அலுவலக மேலாளர் பெயர் எதற்கும் உதவாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மகன் எந்த ஊர் அணியில் ஆடுகிறான், எந்தப் பள்ளிக்குப் போகிறான் அல்லது போகப்போகிறான் என்பதைத் தாளின் அடியில் நீங்களாகவே எழுதிவிடுங்கள். "இந்தப் பள்ளிகளின் ஆட்டங்களுக்கு என்னை ஒதுக்க வேண்டாம்." பின்னால் யாராவது கண்டுபிடித்துப் புகார் செய்து அசைனருக்குத் தலைகுனிவு வருவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த ஒரு வரியைப் பார்த்தே எனக்குச் சிலர் மேல் நல்ல எண்ணம் வந்திருக்கிறது.

சண்டை சச்சரவு பற்றி நிச்சயம் கேட்பார்கள். "இதுவரை யாரையும் வெளியேற்றியதில்லை" என்று பெருமையாக எழுதுவதும், "கண்டிப்பானவன்" என்று எழுதுவதும் ஒரே மாதிரி வீண். தாளில் இதற்கு இடமே கொடுக்க வேண்டாம், வாயால் சொல்லத் தயாராக இருங்கள். என்ன நடந்தது, எந்த விதி, நீங்கள் சொன்ன வார்த்தைகள் என்ன, பிறகு யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்ற வரிசையில், ஒரே ஒரு சம்பவம் போதும். பள்ளி விதியில் கோச்சை நேரடியாக வெளியேற்றாமல் வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, பெஞ்சிலேயே உட்காரவைத்தல் என்று இடைப்படிகள் இருக்கின்றன. அந்தப் படிகள் தெரிந்து பேசுகிறீர்களா என்றுதான் கேட்பவர் கவனிப்பார். கோச்சின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லாமல் கதையை முடிப்பதும் ஒரு தேர்வுதான்.

அப்புறம், எல்லோரும் மறந்துவிடுவது: நேரம். பள்ளி ஆட்டங்கள் வார நாட்களில், மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கும். ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு இதுதான் பெரிய சிக்கல். 3.15க்குக் கிளம்ப முடியுமா, எந்தெந்தக் கிழமை முடியும், எத்தனை மைல் வரை வருவீர்கள், மதியம் கூப்பிட்டால் வர முடியுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "செவ்வாய், வியாழன் உறுதி, மற்ற நாட்களில் முந்தைய நாள் சொன்னால் வரலாம்" என்று எழுதும் புதியவருக்கு, எந்த நாளும் தெளிவாகச் சொல்லாத அனுபவசாலியைவிட அதிக ஆட்டம் கிடைக்கும். சொன்ன நாளில் வராமல் இருந்தால் அதோடு சரி.

மாஸ்க், நெஞ்சுக் கவசம், ஷின் கார்டு, பிளேட் ஷூ எல்லாம் சொந்தமாக இருந்தால் அரை வரியில் சொல்லிவிடலாம். இன்றே பிளேட்டுக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். வீடியோ கேட்டால் மட்டும் அனுப்புங்கள்: பிளேட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தது, ஒரு நிமிடத்துக்குள். அதில் பார்ப்பது நீங்கள் கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் சரியாக நிற்கிறீர்களா, பந்து வரும்போது தலை ஆடாமல் இருக்கிறதா என்பதுதான். பெரிய பெரிய ஸ்ட்ரைக் அவுட் சிக்னல்களைத் தொகுத்துப் பாட்டுப் போட்டு அனுப்பினால் எதிர்விளைவுதான்.

கல்லூரி ஆட்டங்களையும் கேட்க நினைத்தால் இந்தத் தாள் அங்கே அவ்வளவாக எடுபடாது. கான்ஃபரன்ஸ்களுக்கு (கல்லூரி அணிகளின் குழுக்கள்) ஆள் ஒதுக்குகிறவர்கள் கேம்ப்களில் நேரில் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். தொழில்முறை என்றால் இன்னும் நேரடி. மேஜர் லீக் நடத்தும் ஒரு நாள் கட்டணமில்லா முகாமுக்குப் போய் ஓடிக் காட்ட வேண்டும். அங்கிருந்து தேறினால் நீண்ட பயிற்சி, பிறகு மைனர் லீகில் பல ஆண்டு. உச்சியில் இருப்பதோ நால்வர் கொண்ட 19 குழுக்கள், மொத்தம் 76 பேர்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. நீங்கள் கிரீன் கார்டிலோ குடியுரிமையிலோ இருந்தால் பிரச்சினை இல்லை. ஹெச்-1பி விசாவில் இருந்தால், பணம் வாங்கிக்கொண்டு அம்பயராக நிற்பது உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே வேலை செய்வதாகிவிடும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சுயேச்சை ஒப்பந்தக்காரராக வாங்கினாலும் அதே கதைதான். அப்படியானால் விண்ணப்பத்தை அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்; அதுவரை லிட்டில் லீகில் தன்னார்வலராக ஜூனியர் பிரிவு ஆட்டங்களைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன கணக்கைச் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். விசா தடையில்லை என்றால் நவம்பரிலேயே உள்ளூர் சங்கத்துக்கு எழுதிவிடுங்கள். குளிர்கால வகுப்பு தொடங்கிய பிறகு வரும் பெயர்கள் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குத்தான் போகும்.